ரெனாட்டா சீமாட்டியின் பசி

ரத்தக்காட்டேரி யாரைத் தின்ன வேண்டும் என்று நாங்கள் மூன்று பேர் ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்க வாதாடினோம். மேசைமேல் நான் கொண்டுபோயிருந்த எலுமிச்சை கேக் துண்டுகள் தட்டு நிறைய அப்படியே இருந்தன. அவற்றைத் தீர்த்துவைக்கிறவள் ஏழு வாரங்களுக்கு முன்புதான் இறந்துபோயிருந்தாள்.

என் பெயர் மார்லிஸ். ஏரிக்கரைக் குளிர் நகரமான துலூத்தில் மலைமேல் இருக்கிற லூத்தரன் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் உனக்கு ரத்தக்காட்டேரிகளிடம் என்ன வேலை என்று சபையில் சிலர் கேட்டதுண்டு. பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று இருக்கிறது. இடைக்காலத்துப் பிரபுக் குடும்பம் ஒன்றைக் கல்யாணம், போர், வாரிசு என்று தலைமுறை தலைமுறையாக நடத்திக்கொண்டு போக வேண்டும். அதைச் செய்த கம்பெனி அதை மறந்து வெகுகாலமாகிறது. மறக்காத ரசிகர்கள் தாங்களாகவே புதுத் தேசங்களையும் புது விதிகளையும் அதன்மேல் சேர்த்து இலவசமாக வெளியிடுவார்கள். அப்படிச் சேர்ப்பதற்கு மோட் என்று பெயர். எங்கள் மோட்டின் பெயர் ‘கருநதி’. ஒன்பது வருட உழைப்பு. ஆறாயிரம் பேர் விளையாடுகிறார்கள்.

கருநதியின் வரைபடம், கொடிகள், முகங்கள் எல்லாம் ரெனாட்டா பக்கலா வரைந்தவை. அவள் எங்கள் பாடகர் குழுவிலும் இருந்தாள், என் ஆர்கனுக்கு வலப்பக்கம் நின்று பாடுவாள். விதிகளை எழுதுகிறவர் அவளுடைய கணவர் வெண்டல். ரயில்வேயில் சிக்னல் பழுதுபார்க்கிறவர் என்பதால் அவர் எழுதும் விதிகளில் பிசிறு இருக்காது. திரையில் தோன்றும் பெட்டிகளுக்குள் வாசகம் எழுதுவது என் வேலை. நாங்கள் செய்வதையெல்லாம் ஓட்டிப் பார்த்து உடைப்பது டார்சி போல்யூவின் வேலை. முப்பத்தாறு வயது, தபால்காரி, வாய் அதிகம்.

காட்டேரிகள் வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரெனாட்டாதான் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி அடுத்த ஏப்ரலில் வரும் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தாள். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வர வேண்டும் என்று எங்களிடமும் சொன்னாள். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை.

“கைதிங்களைத் தின்னட்டும்,” என்றாள் டார்சி. “கோட்டைக்குக் கீழே முப்பது பேர் சும்மாதானே கெடக்காங்க.”

“அப்படின்னா எல்லாரும் கைதி பிடிச்சு அடைச்சு வெச்சுப்பாங்க. கோழிப் பண்ணை மாதிரி,” என்றார் வெண்டல். “அதுல பயம் எங்கே இருக்கு?”

“கோழியைக் கேட்டுப் பாரு, சொல்லும்.”

நான் சொன்னேன்: “விலை வலிக்கணும். யார் அதிகமா நேசிக்கிறாங்களோ அவங்க ரத்தம்தான் பசியைத் தீர்க்கணும். வெறுக்கிறவன் ரத்தம் ஒரு வாரம்கூடத் தாங்கக் கூடாது.”

டார்சி விசில் அடித்து, எனக்கு வைத்திருக்கும் கேலிப் பெயரால் அழைத்தாள். “பாஸ்டரம்மா, ஞாயித்துக்கிழமை ஆர்கன் வாசிக்கிற ஆளா இப்படிப் பேசுறது?”

வெண்டல் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். பெருந்தீனிக் குணமுள்ளவர் காட்டேரி ஆவார். ஒவ்வொரு குளிர்காலமும் காட்டேரி தன்னை அதிகம் நேசிக்கிறவரிடம் போகும். மூன்று குளிர்காலம் ரத்தம் கொடுத்தால் அந்த மனிதர் இறந்துபோவார். பிறகு அடுத்தவர். நேசிக்க யாருமே மிஞ்சாமல் ஒரு குளிர்காலம் பசியோடு கழிந்தால் காட்டேரி பட்டினியால் அழியும். எனக்கு அது நீதியான விதியாகத் தெரிந்தது. பாவத்தின் முடிவை விளையாட்டிலேயே காட்டிவிட்டோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

அந்தக் காட்டேரி வரும்போது திரையில் தோன்றும் வாசகம் மட்டும் என்னுடையது அல்ல. செப்டம்பரில், மருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு பகலில் ரெனாட்டாவின் மனத்தைத் திருப்புவதற்காக, சாப்பிட வருகிற காட்டேரி தன் பிரியமானவரிடம் முதலில் என்ன சொல்லும் என்று கேட்டிருந்தேன். அவள் சிரித்துவிட்டு மருத்துவமனை உணவுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள்: ‘நீ சாப்பிட்டாயா?’ வெண்டல் வேலையிலிருந்து வந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். நான் அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் சேர்த்தேன். கீழே அழுத்துவதற்கு ஒரே ஒரு பொத்தான். ‘சரி.’

மறுநாள் சகல பரிசுத்தவான்கள் ஞாயிறு. அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி அடிப்பது எங்கள் ஆலயத்தின் வழக்கம். ரெனாட்டாவின் பெயருக்கு மணி அடித்தபோது வெண்டலின் இடம் காலியாக இருந்தது. துக்கப்படுகிறவனை வற்புறுத்தக் கூடாது என்று விட்டுவிட்டேன். அதன்பின் அவரே சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டார். வேலை மட்டும் நடந்தது. எழுதிய விதிகள் தவறாமல் எங்களுக்கு வந்துகொண்டிருந்தன.

ஜனவரியில் ஒரு செவ்வாய் மதியம் நான் ஆலயத்தில் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். டார்சி தபால் பையோடு உள்ளே வந்தாள். பூட்ஸிலிருந்து பனி உருகி நடைபாதை நெடுகச் சொட்டியது. வந்தவள் ஒரு கேலியும் பேசாமல் போனை என் முன்னால் நீட்டினாள்.

மோட் செய்கிறவர்களுக்கு ஒரு வேலைமுறை உண்டு. புது விதி போட்டதும் ஆட்டத்தைத் தொடங்கிவைத்துவிட்டு, யாரும் கைவைக்காமல் இருநூறு வருடம் தானாக ஓட விடுவோம். கம்ப்யூட்டரே எல்லாப் பிரபுக்களையும் நடத்தும். முடிவில் உலகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். டார்சி நான்கு முறை ஓட விட்டிருந்தாள்.

“காட்டேரிங்க எல்லாம் விதிப்படிதான் போகுது,” என்றாள். “புருஷனைத் தின்னுது, புள்ளைங்களைத் தின்னுது, சிநேகிதங்களைத் தின்னுது, அப்புறம் பட்டினி கெடந்து சாகுது. வரைபடம் பூரா சாம்பல் கலர் ஆயிடுது. ஒருத்தர் மட்டும் மிச்சம். நாலு தடவையும் அதே ஆள்.”

சாம்பல் நிலத்தின் நடுவில், ஆற்று வளைவில், ஒரு கோட்டையின் ஜன்னல் மட்டும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. பெயரைப் படித்தேன். ரெனாட்டா சீமாட்டி.

எங்கள் பெயர்களிலேயே சின்னச் சின்னப் பிரபுக்களை உள்ளே ஒளித்துவைப்பதும் மோட்காரர்களின் வழக்கம்தான். ஆற்று வளைவுக் கோட்டை வெண்டல் பிரபுவுக்கும் ரெனாட்டா சீமாட்டிக்கும் ஒன்பது வருடம் முன்பு கொடுத்தது. அவளுக்கு மூன்று குணங்கள் போட்டவர் வெண்டல்: இரக்கமுள்ளவள், பிடிவாதக்காரி, பெருந்தீனிக்காரி. மூன்றாவது கேக்குக்காக.

“ஒரு தடவைன்னா தற்செயல். ரெண்டு தடவைன்னா புரோகிராம்ல பக். நாலு தடவைக்கு என்ன பேரு, பாஸ்டரம்மா? அது உங்க டிபார்ட்மெண்ட் இல்லையா?” கேலிதான், ஆனால் அவள் உதடு காய்ந்திருந்தது.

“கூட யாருமே இல்லையா?”

“ஒருத்தரும் இல்ல. இருநூத்துச் சொச்சம் வயசு. நேசிக்க ஆளில்ல. எப்பவோ செத்திருக்கணும். சாகாம உக்காந்து நம்மளையே பாக்குறாங்க.”

படத்தில் இருந்தது ரெனாட்டா தன்னையே வரைந்த முகம். நோய் வருவதற்கு முன்பு, பின்னல் தோளில் விழுந்த முகம். காட்டேரி ஆனதும் முகம் வெளுத்து இளமையாகும்படி அவளே வைத்திருந்தாள். ஆர்கனை நிறுத்தாமல் விட்டிருந்ததால் குழாய்களுக்குள் காற்று ஓடிக்கொண்டே இருந்தது. ஆலயத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை என்பதை நான் ஒருமுறை திரும்பிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

“இன்னொண்ணும் இருக்கு,” என்றாள் டார்சி. “வெண்டல் எனக்கு கருநதியோட பாஸ்வேர்டு எல்லாம் அனுப்பியிருக்கான். நீயே வெச்சுக்கோன்னு. அப்புறம், பனி தள்ற மெஷினைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டான்.”

“இரவலா?”

“இல்ல. எனக்கு இனிமே வேண்டாம்னு சொன்னானாம்.”

வாசல் பனியைத் தள்ளாமல் வெளியே காலெடுத்து வைக்க முடியாத எங்கள் ஊரில் ஜனவரி மாதத்தில் ஒருவர் அந்த இயந்திரத்தைக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்று மாலையே விதிக் கோப்புகளைத் திறந்து ரெனாட்டாவின் பெயரைத் தேடினேன். பசியைப் பற்றிய விதிகளின் கடைசியில் ஒரு வரி கிடைத்தது. ‘இவர் ரெனாட்டா என்றால், மரணம் இல்லை.’ அதற்குப் பக்கத்தில், கம்ப்யூட்டர் படிக்காமல் விட்டுவிடும்படி கூட வேலை செய்கிறவர்களுக்காக எழுதும் குறிப்பு: ‘தயவுசெய்து தொடாதீர்கள். வெ.’ எழுதிய தேதியும் நேரமும் இருந்தன. சகல பரிசுத்தவான்கள் ஞாயிறு, காலை பத்து நாற்பது. நாங்கள் அவள் பெயருக்கு மணி அடித்த அதே நேரம்.

சனிக்கிழமை மதியம் வெண்டல் வீட்டுக்குப் போனோம். ஜன்னல் திரைகள் இறக்கியிருந்தன. டார்சி கதவை முஷ்டியால் தட்டினாள்.

“யோவ் வெண்டல்! தபால்காரியைப் பார்த்து நாய்தான் குரைக்கும், மனுஷன் ஒளிய மாட்டான். தொற!”

திறந்தார். கழுத்தைச் சுற்றிச் சட்டைக் காலர் பெரிதாகிப் போயிருந்தது. நான் அந்த வரியைப் பற்றிச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

“அது என் வீட்டு விஷயம்,” என்றார்.

“ஏப்ரல்ல ஆறாயிரம் பேர் வீட்டுக்குப் போகப்போற விஷயம்யா,” என்றாள் டார்சி. “எனக்கு நாலு நாளா தூக்கமில்ல, தெரியுமா?”

அவர் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். அது அவருடைய சொந்த ஆட்டம். வெண்டல் பிரபுவாக அவரே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். குளிர்காலம் வந்தது. பெட்டி தோன்றியது. வெளுத்த முகம். ‘நீ சாப்பிட்டாயா?’ அவர் ‘சரி’யை அழுத்தினார். வெண்டல் பிரபுவின் மூன்று உயிர்க்கோடுகளில் ஒன்று அணைந்தது. உடனே ஏதோ இரண்டு விசைகளைத் தட்டினார். கோடு திரும்பவும் எரிந்தது. அடுத்த குளிர்காலம். ‘நீ சாப்பிட்டாயா?’ சரி.

“எத்தனை?” என்றேன்.

“இருநூத்து முப்பத்தொண்ணு. ஒவ்வொரு வருஷமும் வருவா. நான் குடுப்பேன். அப்புறம் எழுந்துக்குவேன்.” கடிகாரம் பார்த்து மணி சொல்கிற குரலில் சொன்னார். “அவ பட்டினி கெடக்கல, மார்லிஸ். ஆஸ்பத்திரியில கடைசி மூணு வாரம் ஒண்ணுமே இறங்கல அவளுக்கு. இங்கே பட்டினி கெடக்கல.”

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னைப் போன்றவர்களுக்கு அது சீக்கிரம் வருவதில்லை. “அவ கர்த்தர்கிட்ட இருக்கா, வெண்டல். இது அவ இல்ல.”

“கர்த்தர்கிட்ட கோடிப் பேர் இருக்காங்க,” என்றார். “இங்கே அவளும் நானும் மட்டும்தான்.” கம்ப்யூட்டரின் மூடியை இறக்கினார். “காபி தீர்ந்துபோச்சு. போயிட்டு வாங்க.”

வாசலில் பூட்ஸ் மாட்டும்போது அவரை நேராகப் பார்த்துக் கேட்டேன். இப்படிப்பட்டதைச் சுற்றி வளைத்துக் கேட்கக் கூடாது என்று ஆலயத்தில் ஒரு பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். “உயிரை விட்டுடணும்னு தோணுதா?”

அவர் என் பூட்ஸைப் பார்த்தார். “அப்படித் தோணல. எழுந்துக்கணும்னும் தோணல.”

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஹிப்பிங் என்ற ஊரில் இருந்த அவருடைய தம்பிக்குச் சொன்னேன். தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்றார். எங்கள் போதகர் அவரை டாக்டரிடம் அழைத்துப்போனார். டார்சி தபால் போடப் போகும்போதெல்லாம் கதவைத் தட்டி, அவர் முகம் தெரியும்வரை நின்றாள். ஒரு வீட்டு வாசலில் அவ்வளவு நேரம் நிற்பது அவள் வேலையின் விதிக்கு மாறானது. கடிதமே இல்லாத நாட்களில் விளம்பரத் தாளை நீட்டி, “முக்கியமான தபால், கையெழுத்து வேணும்,” என்றாளாம். அவரும் பல்பொருள் அங்காடியின் தள்ளுபடித் தாளில் கையெழுத்துப் போட்டாராம்.

எனக்கோ அந்தப் பெட்டி கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆராதனையில் வாசிக்கும்போதுகூட இசைத்தாளுக்குப் பதிலாக அந்த முகம் தெரிந்தது. ஒரு நாள் என் வாசகக் கோப்பைத் திறந்து, அந்தக் கேள்வியையும் அதன் கீழிருந்த ஒற்றைப் பொத்தானையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் எங்கள் தவறு தெரிந்தது. காட்டேரி யாரைத் தின்னலாம், எப்போது தின்னலாம், எத்தனை முறை தின்னலாம் என்று ஒரு மதியம் முழுக்க வாதாடியிருக்கிறோம். தின்னப்படுகிறவர் என்ன சொல்வார் என்று யாரும் கேட்கவில்லை. விளையாட வருகிறவன் காட்டேரியாகத்தான் இருப்பான், இரையாக எவன் உட்காருவான் என்று நினைத்துவிட்டோம். ரெனாட்டா ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தாள். அதற்கு ஒரே ஒரு பதிலை வைத்தவள் நான்.

ஒரு தாளில் எழுதினேன். ‘இன்னொரு பொத்தான் சேர்க்க வேண்டும். அதன் பெயர் “வேண்டாம்”. அதை அழுத்தினால், காட்டேரி அவரைத் திருப்பி நேசிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேசித்தால் விட்டுவிடும் வாய்ப்பு அதிகம். நேசிக்காவிட்டால் பிடுங்கிக்கொள்ளும்.’ உபதேசம் ஒன்றும் சேர்க்கவில்லை. அவர் மின்னஞ்சல் திறப்பதில்லை என்பதால் தாளை டார்சியிடம் கொடுத்தேன்.

“ஸ்டாம்ப் இல்லாம குடுத்தா என் வேலை போயிடும்,” என்றாள். “குடுங்க.”

ஒன்பது நாள் கழித்து வெண்டல் போன் செய்தார். முன்னுரை எதுவும் இல்லை.

“அவளுக்குப் பெருந்தீனிக் குணம் போட்டிருக்கேனே. அது அவளை விட்டுக்கொடுக்க விடாதே.”

“அது கேக்குக்குப் போட்டது, வெண்டல்.”

போனில் ஒரு மூச்சு கேட்டது. சிரிப்பாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

“விதி எழுதிட்டேன்,” என்றார். “இரக்கத்துக்கு இவ்வளவு, தீனிக்கு இவ்வளவுன்னு. அவளுக்காகக் கூட்டியும் போடல, குறைச்சும் போடல. அந்த மரணமில்லைங்கிற வரியை எடுக்கணும். நான் எழுந்துக்கிற தந்திரத்தையும் எடுத்துடறேன். ஒருத்தருக்கு ஒரு நியாயம், இன்னொருத்தருக்கு வேறன்னு இருக்கக் கூடாது.” கொஞ்சம் நிறுத்தினார். “தனியா பண்ண முடியாது. ரெண்டு பேரும் வாங்க.”

போனை வைத்தபின் எனக்குப் பயமாக இருந்தது. தந்திரம் இல்லாமல் மூன்று முறை ‘சரி’ என்றால் வெண்டல் பிரபு இறந்துபோவார். ஆட்டத்தில்தான். ஆனால் எழுந்துகொள்ளத் தோன்றாத ஒரு மனிதர், தன் கண் முன்னால் தன் பெயர் அப்படி அணைவதைப் பார்த்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போவாரா? டார்சியும் அதையேதான் நினைத்தாள். “ரகசியமா அவங்க விட்டுடற வாய்ப்பை நூறு சதவீதம் ஆக்கிடட்டுமா? பாஸ்வேர்டு என்கிட்டதான் இருக்கு,” என்றாள். நான் வேண்டாம் என்றேன். ரெனாட்டா சீமாட்டி விட்டுவிடுவாளா மாட்டாளா என்பது இரண்டாவது விஷயம். அவர் ‘வேண்டாம்’ என்று சொல்வாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை யாரும் அவருக்குப் பதிலாக அழுத்திவிட முடியாது.

பிப்ரவரிச் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. கீழே ஏரி கரையிலிருந்து கண்ணுக்கு எட்டும்வரை உறைந்து வெயிலில் கூசியது. ஜன்னல் திரையை டார்சி கேட்காமலே தூக்கிவிட்டிருந்தாள். வெண்டல் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து ‘மரணம் இல்லை’ என்ற வரியையும் எழுந்துகொள்ளும் தந்திரத்தையும் அழித்தார். ஆட்டத்தைத் திறந்தார்.

முதல் குளிர்காலம். வெளுத்த முகம். ‘நீ சாப்பிட்டாயா?’ இப்போது கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ‘சரி’யை அழுத்தினார். மூன்று கோடுகளில் ஒன்று அணைந்தது.

“பழக்கம்,” என்றார், எங்களைப் பார்க்காமல்.

வசந்தமும் கோடையும் திரையில் ஓடின. ஆற்று வளைவில் கதிர் விளைந்து அறுவடையானது. அந்தக் கோட்டைக்கு ஒரு விருந்தாளியும் வரவில்லை, ஒரு தூதனும் வரவில்லை. இருநூற்று முப்பது வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. இரண்டாவது குளிர்காலம் வந்தது. அவர் பெட்டியை வெகுநேரம் பார்த்தார். திரும்பவும் ‘சரி’. ஒரே ஒரு கோடு மிஞ்சியது.

டார்சி மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள். அவள் கை ஐஸாக இருந்தது. நான் வார்த்தை இல்லாமல் ஜெபித்துக்கொண்டிருந்தேன். எழுந்து அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் பனியில் எறிந்துவிடலாமா என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன.

மூன்றாவது குளிர்காலம். ‘நீ சாப்பிட்டாயா?’ அவர் விரல் சுட்டெலியின் மேல் இருந்தது. அம்புக்குறி ‘சரி’யின் மேல் நின்றது.

“யோவ்,” என்றாள் டார்சி மெல்ல. “திங்கட்கிழமை மைனஸ் இருபத்தஞ்சு டிகிரியாம். நான் உன் வாசல்ல வந்து தட்டுவேன். நீ தொறக்குறவரைக்கும் நகர மாட்டேன். குளிர்ல விறைச்சு கால்விரல் ரெண்டு போயிடும். சும்மா ஒரு தகவலுக்குச் சொல்றேன்.”

வெண்டல் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தை மட்டும் இல்லை, குனிந்து அவள் கால்களையும் பார்த்தார். காலுறையின் நுனியில் ஓட்டை இருந்தது. பிறகு திரைக்குத் திரும்பினார். அம்பு நகர்ந்தது. ‘வேண்டாம்.’ அழுத்தினார்.

அடுத்த பெட்டி திறந்தது. அதில் ஒன்றுமே இல்லை. இடப்பக்கம் அவள் முகம். வலப்பக்கம் வாசகம் இருக்க வேண்டிய இடம் முழுவதும் வெறுமை. கீழே போவதற்கு ஒரு பொத்தான்.

“நீ எழுதலையா?” என்றார்.

“வரல,” என்றேன். “அஞ்சு தடவை எழுதி அஞ்சு தடவையும் அழிச்சேன். அவ என்ன சொல்வான்னு எனக்குத் தெரியல, வெண்டல்.”

அவர் தலையசைத்தார். அந்த வெறும் இடத்தையும் அந்த முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கம்ப்யூட்டர் படம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான் இருந்தோம் என்று இன்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. எவ்வளவு நேரம் என்றும் தெரியவில்லை. சமையலறையில் காபிப் பாத்திரம் கொதித்து அடங்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் அழுத்தினார்.

குளிர்காலம் கடந்தது. அந்த ஒரு கோடு எரிந்துகொண்டே இருந்தது.

“எடுத்துக்கல,” என்றாள் டார்சி. “விட்டுட்டாங்கய்யா.”

ஆட்டத்தில் மார்ச் மாதம், திரையின் ஓரத்தில், யாருடைய மாடு காணாமல் போனது, எந்தப் பாலம் இடிந்தது என்றெல்லாம் சின்ன எழுத்தில் ஓடும் செய்திகளுக்கு நடுவே ஒரு வரி வந்தது. ‘ரெனாட்டா சீமாட்டி தன் கோட்டையில் உறக்கத்தில் இறந்தார்.’

வெண்டல் மேசைமேல் கைகளை வைத்து, கைகள்மேல் தலையை வைத்து அழுதார். செப்டம்பரில் கல்லறைத் தோட்டத்தில்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை. டார்சி அவர் முதுகில் கைவைத்தபடி நின்றாள். நான் காபியை ஊற்றிவந்து வைத்தேன்.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கணக்குதான் அது. எனக்குத் தெரியும், மார்லிஸ். நீ சொல்ல வேண்டாம்,” என்றார்.

“நான் சொல்லலையே.”

“ஆனா அந்தக் கணக்கை அவளைப் பார்த்துத்தான் போட்டேன்.”

ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார்.

துக்கம் அன்றோடு தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். மார்ச்சில் இரண்டு வாரம் அவர் வேலைக்குப் போகவில்லை. தம்பி வந்து கூட இருந்தார். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று டார்சி கதவிலேயே விசாரணை நடத்தினாள். ஆனால் கதவு இரண்டாவது தட்டிலேயே திறந்தது. பிறகு முதல் தட்டில்.

ஏப்ரலில், ரெனாட்டா சொன்ன தேதியிலேயே கருநதியின் காட்டேரிகளை வெளியிட்டோம். அதற்கு முந்தின வாரம் அந்த வெறும் பெட்டிக்கு எப்படியாவது நாலு வரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வெண்டல் தடுத்துவிட்டார். “அப்படியே இருக்கட்டும்.”

வெளியான முதல் நாளிலிருந்தே புகார்கள் வந்தன. பெட்டியில் வாசகம் காணவில்லை, மொழிக் கோப்பு விட்டுப்போயிருக்கிறது, ஒன்பது வருடமாக மோட் செய்கிறவர்கள் இதைக் கவனிக்கவில்லையா என்று பிரேசிலிலிருந்தும் போலந்திலிருந்தும் எங்கிருந்தெல்லாமோ எழுதினார்கள். எல்லாருக்கும் ஒரே பதிலை ஒட்டிவிடலாம் என்றாள் டார்சி. வெண்டல் கேட்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவர்கள் பெயரைச் சொல்லி, எழுதுகிறார். இது பக் இல்லை. பெட்டியில் இருக்கிறவர் அங்கே எதுவும் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

போன வாரம் ஓர் ஆள் விடாமல் திரும்பக் கேட்டிருந்தான். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம், அதற்குள் ஆட்டத்தில் என் எதிரி படையெடுத்து வந்துவிட மாட்டானா என்று. நான் பக்கத்தில்தான் இருந்தேன். வெண்டல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு விரலால் தட்டினார்.

‘வரமாட்டான். அந்தப் பெட்டி திறந்திருக்கும்வரை ஆட்டம் நிற்கும். உங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.’